ஹைடல்பெர்க், பெர்லின், யேனா: ஜெர்மன் கோடைக்கால வகுப்புக்கு எங்கே போகலாம்?

ஜெர்மானியப் பண்பாட்டையும் சமூகத்தையும் படிக்கக் கோடையில் ஒரு மாதம் ஒதுக்க முடிந்தவர்கள், பாடத்திட்டத்துக்கு முன்பே ஊரைப் பற்றி யோசிப்பது நல்லது. வகுப்பு பாதி நாளில் முடிந்துவிடும். மீதி நாளுக்கு ஊர்தான் ஆசிரியர்.

ஹைடல்பெர்க் என்ற பெயரே பலரை இழுத்துவிடுகிறது. 1386-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நெக்கர் ஆறு, மலைமேல் சிதைந்த கோட்டை. அங்கே தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் தமிழும் கற்பிக்கிறார்கள். இலக்கணத்தில் தடுமாறுபவர்கள் மொழியைச் சீர்செய்துகொள்ள ஏற்ற ஊர். ஆனால் ஆகஸ்டில் உள்ளூர் மாணவர்கள் விடுமுறையில் போய்விட, பழைய நகரத் தெருக்களில் சுற்றுலாப் பயணிகளே நிறைந்திருப்பார்கள். இன்றைய ஜெர்மனி எப்படி வாழ்கிறது என்று அறிய அது போதாது.

பெர்லினில் பார்ப்பதற்குக் குறைவே இல்லை. பெர்னவர் தெருவில், நகரைக் கிழக்கு மேற்காகப் பிரித்த பெர்லின் சுவர் நின்ற இடத்தைத் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டுக் காட்டியிருக்கிறார்கள். இடைவெளியில் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம். 1961-இல் இதே தெருவில்தான் மக்கள் வீட்டு ஜன்னல்களிலிருந்து மேற்குப் பக்கம் குதித்தார்கள். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் கோடைப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடப்பதால், ஜெர்மன் தெரியாதவர்களும் சேரலாம். குறையும் அதுதான். கடையில் நீங்கள் ஜெர்மனில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். கொஞ்சம் கற்ற மொழியும் வளராது.

ஓரளவு ஜெர்மன் பேச வருபவர்களுக்கு நான் கிழக்கிலுள்ள யேனாவைத்தான் சொல்வேன். கவிஞர் சில்லர் 1789-இல் வரலாற்றுப் பேராசிரியராக வந்த ஊர்; லென்ஸுக்குப் பெயர் பெற்ற சைஸ் நிறுவனம் பிறந்த ஊர். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் அந்த நிறுவனத்தில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அந்தக் கதையைப் புத்தகத்தில் தேட வேண்டாம். வீட்டு உரிமையாளரிடமோ பேக்கரியில் நிற்பவரிடமோ பேச்சுக் கொடுத்தால் போதும். கிழக்கு ஜெர்மனியின் இன்றைய மனக்கசப்புகளும் அங்கிருந்துதான் புரியத் தொடங்கும்.

ரயிலில் சிறிது நேரத்தில் வைமர். கவிஞர் கதே வாழ்ந்த வீடு, 1919-இல் ஜெர்மனியின் முதல் குடியரசின் அரசியலமைப்பு உருவான அரங்கம், அதே ஆண்டு தொடங்கிய பவுஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளி. நகருக்கு வெளியே எட்டர்ஸ்பெர்க் குன்றில் நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாம். கைதிகளை எண்ணி நிறுத்திய திடலில் ஓர் உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கிறது. பனிக்காலத்திலும் அதை 37 டிகிரி வெப்பத்தில், மனித உடலின் சூட்டில் வைத்திருக்கிறார்கள். கை வைத்துப் பாருங்கள். கதேயின் ஊருக்கு இவ்வளவு அருகில் இது எப்படி நடந்தது என்ற கேள்வியை எந்த விரிவுரையும் இவ்வளவு வலுவாக எழுப்பாது.

யேனாவில் இரவுக் கொண்டாட்டங்கள் குறைவு. அது பெரிய இழப்பில்லை. ஜெர்மனே தெரியாவிட்டால் பெர்லினுக்குப் போங்கள். எந்த ஊரானாலும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் (DAAD) உதவித்தொகை கிடைக்குமா என்று முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பார்த்துவிடுங்கள். விசா நேர்காணலுக்கு நாள் கிடைப்பதும் எளிதல்ல.