எட்டுத் துண்டு மூளை மாடல்: உளவியல் படிப்பவர் காசு கொடுக்கலாமா?

குமரி மாவட்டத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் உளவியல் படிக்கப் போகிறவர்களானாலும் சரி, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமே சேர்பவர்களானாலும் சரி, மூளை பற்றிய தாள் வந்ததும் பிளாஸ்டிக் மூளை மாடலைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய கடைகளில் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. இரண்டு துண்டு, எட்டுத் துண்டு, ரத்தக் குழாய்களோடு கூடிய பெரிய மாடல் எனப் பல வகை உண்டு. அதிகம் விற்பது எட்டுத் துண்டு. தரத்தைப் பொறுத்து 1,500 ரூபாயில் தொடங்கி 4,000 ரூபாய்க்கு மேலும் போகிறது. நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள்தான். ஆனால் உட்புறம் ஒழுங்காக வார்க்கப்பட்டிருக்க வேண்டும். வெளிப்புறம் மட்டும் அழகாக இருக்கும் மாடலை வாங்குவதற்குப் பதிலாகப் பாடநூலில் உள்ள படமே போதும்.

எட்டுத் துண்டு மாடல்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். மூளை நடுவில் இரண்டு பாதியாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் நான்காகப் பிரியும்: ஃபிரான்டல் (நெற்றிப்பக்க) மடலும் பரைட்டல் (உச்சிப்பக்க) மடலும் சேர்ந்து ஒரு துண்டு, டெம்போரல் (பொட்டுப்பக்க) மடலும் ஆக்ஸிபிட்டல் (பின்பக்க) மடலும் சேர்ந்து ஒரு துண்டு, மூளைத்தண்டில் பாதி, சிறுமூளையில் பாதி. அளவில் நிஜ மூளையோடு ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். மனித மூளையின் நீளம் ஏறக்குறைய 16, 17 சென்டிமீட்டர். எடை மட்டும் ஒத்துப்போகாது. வளர்ந்தவரின் மூளை 1,300 முதல் 1,400 கிராம் வரை இருக்கும், உள்ளே காலியான பிளாஸ்டிக்கை அதோடு ஒப்பிட முடியாது.

கடையிலேயே பார்க்க வேண்டிய முதல் இடம் சென்ட்ரல் சல்கஸ், அதாவது ஃபிரான்டலையும் பரைட்டலையும் பிரிக்கும் பள்ளம். அது மேல் விளிம்பைத் தாண்டி, இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் நடுப்பக்கத்துக்குள் கொஞ்சம் இறங்கும். கீழே வரும்போது பெரும்பாலும், டெம்போரல் மடலுக்கு மேலே ஓடும் லேட்டரல் சல்கஸைத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிடும். அதன் முன்னும் பின்னும் இரண்டு மடிப்புகள் இணையாக ஓடும். முன்னது இயக்கத்துக்கு, பின்னது தொடுவுணர்வுக்கு. ஒரு மாடலைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என்று நகல் எடுத்து வார்த்த மலிவு மாடல்களில் எல்லாப் பள்ளங்களும் ஒரே ஆழத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். சென்ட்ரல் சல்கஸ் எது என்று அரை நிமிடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் அந்த மாடலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வண்ணத்தைக் கண்டு மயங்க வேண்டாம். நான்கு மடலுக்கும் நான்கு நிறம் பூசிய மாடல் அலமாரியில் பளிச்சென்று தெரியும். பரீட்சைக்கு முந்தின வாரம் அது உதவவும் செய்யும். ஆனால் வெளிப்பக்கத்தில் ஆக்ஸிபிட்டல் மடலுக்கு இயற்கையான தெளிவான எல்லையே கிடையாது. மேலே உள்ள பரைட்டோ-ஆக்ஸிபிட்டல் பள்ளத்திலிருந்து கீழ் விளிம்பில் உள்ள சிறு வெட்டுவரை ஒரு கோட்டைக் கற்பனையாக இழுத்துத்தான் பிரிக்கிறோம். பெயின்ட் அந்த இடத்தில் வேலி போட்டது போலக் காட்டிவிடுகிறது. இதைவிட மோசம், மடல்மேல் ‘நினைவு’, ‘உணர்ச்சி’, ‘ஆளுமை’ என்று அச்சடித்து வரும் மாடல்கள். உயர்நிலை மனச்செயல் எதுவும் ஒரே மூலையில் குடியிருப்பதில்லை, பல பகுதிகள் சேர்ந்த ஒரு தொகுதியாகத்தான் வேலை செய்கிறது என்பது சோவியத் நரம்பு உளவியலாளர் லூரியா கற்றுத்தந்த அடிப்படை. நரம்பு உளவியல் படிக்க வந்தவரின் மேசையில் அதற்கு நேர் எதிரான பொருள் இருக்கக் கூடாது.

அடுத்து டெம்போரல் மடல் உள்ள துண்டைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய இடத்தில், லேட்டரல் சல்கஸின் ஆழத்தில், இன்சுலா என்ற மறைந்த புறணிப் பகுதி தெரிய வேண்டும். கையில் உள்ள துண்டின் உட்பக்கத்தைத் திருப்பினால் லேட்டரல் வென்ட்ரிக்கிள் என்ற திரவ அறையின் கீழ்க்கொம்பும், அதன் தரையில் நீளவாக்கில் புடைத்திருக்கும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸும் இருக்க வேண்டும். அதன் முன்முனையில், உணர்ச்சியோடு, குறிப்பாகப் பயத்தோடு, தொடர்புள்ள அமிக்டலா. பல மாடல்களில் இங்கே வெறும் வழவழப்பான பிளாஸ்டிக்தான் இருக்கிறது. உளவியல் மாணவருக்கு இதைவிடப் பெரிய குறை வேறில்லை. 1953-ல் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் ஹெச்.எம். என்ற நோயாளிக்கு இரு பக்கமும் டெம்போரல் மடலின் உட்பகுதியை அகற்றினார். புதிய நினைவுகளைச் சேர்க்கும் திறன் அந்த நோயாளிக்குப் போய்விட்டது என்பதை 1957-ல் உளவியலாளர் பிரெண்டா மில்னரோடு சேர்ந்து கட்டுரையாக எழுதினார். இந்த வரலாறு எல்லாருக்கும் மனப்பாடம். ‘உட்பகுதி’ எங்கே என்று மாடலில் காட்டச் சொன்னால் பாதிப் பேர் காதுக்கு மேலே வெளிப்புறத்தைக் காட்டுவார்கள். உள்ளே வார்க்கப்படாத மாடலில் படித்தால் அப்படித்தான் ஆகும்.

மாடலின் தரத்தை அறிய நம்பகமான சோதனை ஒன்று உண்டு: பேப்பஸ் வளையத்தை, அதாவது ஒன்றோடொன்று இணைந்து வட்டமாகச் செல்லும் மூளைப் பகுதிகளின் வரிசையை, விரலால் தொட்டு வர முடிகிறதா என்று பாருங்கள். ஹிப்போகேம்பஸில் தொடங்கி, வளைந்து மேலேறும் ஃபோர்னிக்ஸ் என்ற நரம்பிழைக் கற்றை வழியாக மூளையின் அடியிலுள்ள மேமிலரி பாடி, அங்கிருந்து தலாமஸின் முன்பகுதி, பிறகு இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்துக்கு மேலே வளையும் சிங்குலேட் மடிப்பு, அதைச் சுற்றிப் பின்னால் இறங்கி மறுபடியும் ஹிப்போகேம்பஸ். 1937-ல் ஜேம்ஸ் பேப்பஸ் இதை உணர்ச்சிக்கான சுற்றாக முன்வைத்தார், இன்று நினைவோடுதான் அதிகம் சேர்த்துப் பேசுகிறோம். நல்ல மாடலில் ஃபோர்னிக்ஸ் தனியாகப் புடைத்திருக்கும், மேமிலரி பாடி சிறு குமிழாக இருக்கும். நீண்ட காலக் குடியில் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து, நினைவைப் பாதிக்கும் கோர்சகோஃப் நோய் வரும்போது அடிபடும் இடங்களில் அந்தக் குமிழும் ஒன்று. அதை விட்டுவிட்டு வார்த்த மாடலில் அந்தப் பாடத்தை நடத்த முடியாது. மேமிலரியிலிருந்து தலாமஸ் போகும் நரம்புக் கற்றை எந்த எட்டுத் துண்டு மாடலிலும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே புதைந்து ஓடுவது.

எல்லைப் பகுதி மாணவர்களுக்கு டெம்போரல் துண்டு இன்னொரு வகையிலும் பயன்படும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் நாட்டின் முக்கிய மையங்களில் ஒன்று. குமரியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே போகின்றன. அறுவைக்கு முன் நரம்பு உளவியலாளர் மொழியையும் நினைவையும் சோதிப்பது எதற்காக என்பதை இந்தத் துண்டை வைத்தே விளக்கலாம். இந்த அறுவையில் பெரும்பாலும் டெம்போரல் மடலின் முன்பகுதியை அகற்றுவார்கள். டெம்போரல் முனையிலிருந்து பின்நோக்கி அளவுகோல் வையுங்கள். மொழிப் பக்கமானால் (பெரும்பாலோருக்கு இடது) வழக்கமாகச் சுமார் 4 சென்டிமீட்டர், மறுபக்கமானால் 5 சென்டிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதல் என்று வெட்டும் எல்லையை முடிவு செய்வார்கள். அந்த இரண்டு இடத்திலும் நூலைச் சுற்றிக் கட்டினால், பெயர் சொல்லும் திறனும் சொற்களை நினைவில் வைக்கும் திறனும் ஏன் ஆபத்தில் இருக்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும். பார்வை நரம்பிழைகளில் ஒரு வளையம் அந்த மடலுக்குள் முன்னோக்கி வந்து திரும்புகிறது. அதில் வெட்டு விழுந்தால் எதிர்ப்பக்கத்துப் பார்வைப் புலத்தின் மேல் கால்பகுதி மறையும். மாடலில் அந்த இழைகள் இருக்காது. சிவப்பு நூலை ஒட்டி நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ரத்தக் குழாய்கள் உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு தரலாமா? எம்.எஸ்சி. நிலையில் தரலாம். பக்கவாதம் மடல் வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை, தமனியின் பாசனப் பரப்பைப் பார்த்து வருகிறது. நடுத்தமனி வெளிப்பக்கத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தருகிறது. இடப்பக்கம் அடைத்தால் பேச்சு போகும், வலப்பக்கம் அடைத்தால் இடது பக்க உலகையே கவனிக்காத நிலை வரும். முன்தமனி நடுப்பக்கத்துக்குப் போகிறது. காலுக்கான இயக்கப் பகுதி அங்கே இருப்பதால் கையைவிடக் கால் அதிகம் தளரும். பின்தமனி அடைத்தால் பார்வைப் புலத்தில் பாதி போகும். இந்த மூன்றையும் கையில் வைத்துப் பார்த்தவர் பிறகு மறப்பதில்லை. பி.எஸ்சி. மாணவருக்கு அவ்வளவு தேவையில்லை. சாதாரண மாடலின் மேல் மூன்று நிறக் கம்பளி நூலை ஒட்டினால் போதும்.

இனி பொருளின் உறுதி. முதலில் உடைவது இணைப்பு ஆணிதான். பிளாஸ்டிக் ஆணி ஓட்டைக்குள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் எல்லாரும் துண்டைத் திருகி இழுக்கிறார்கள். நேராக இழுத்தால் பல வருடம் தாங்கும். முறிந்துவிட்டால் மீதியை மெல்லிய டிரில்லால் குடைந்தெடுத்து, அதே தடிமனில் மூங்கில் குச்சியை நறுக்கி அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். இரும்பு ஆணி வேண்டாம். நம் கடற்கரைக் காற்றில் அது துருப்பிடித்துப் பிளாஸ்டிக்கில் கறையை இறக்கும். காந்தத்தில் ஒட்டும் வகை கழற்றிப் பூட்டச் சுகம்தான், ஆனால் மேல்பூச்சு உரிந்தால் காந்தமும் துருப்பிடிக்கும். கொல்லம், குளச்சல் போல உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்றால் தடித்த பிளாஸ்டிக் ஆணியுள்ள மாடலே மேல். துடைக்கச் சோப்புத் தண்ணீர் மட்டும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் எண்களும் நிறமும் கரைந்து வந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் ரப்பர் போன்ற மென்மையான வகை கோணிக்கொள்ளும், பிறகு துண்டுகள் பொருந்தாது. எண் அட்டையையும் வாங்கும்போதே சரிபாருங்கள். பல அட்டைகளில் லத்தீன் பெயர்தான் இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், மாடலில் 40 எண் இருக்க அட்டை 36-ல் முடிந்துவிடுவதும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் உள்ள வேறுபாடும், உள்ளே ஆழத்தில் இருக்கும் சாம்பல் திட்டுகளான பேசல் கேங்லியாவும், மூளை எவ்வளவு மென்மையானது என்பதும் பிளாஸ்டிக்கில் கிடைக்காது. அதற்கு ஆட்டு மூளைதான். மாடலின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. இறைச்சிக் கடையில் முந்தின நாளே சொல்லி வையுங்கள். வழக்கம்போல் தலையை இரண்டாகப் பிளந்தால் கத்தி மூளைக்குள்ளும் இறங்கிவிடும். மண்டையோட்டின் மேல்பகுதியை மட்டும் ஓரமாக வெட்டித் திறந்து, அடியில் உள்ள நரம்புகளை அறுத்து முழுதாக எடுக்கச் சொல்ல வேண்டும். முன்னால் உள்ள மோப்பக் குமிழ்கள்தான் முதலில் கிழியும், பிட்யூட்டரி எலும்புக் குழியிலேயே தங்கிவிடும். இரண்டையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மாட்டிறைச்சிக் கடைகளில் மாட்டு மூளையும் கிடைக்கும். அது பல மடங்கு பெரியது, சீவிப் பார்க்க வசதி.

பச்சையாக வெட்டினால் கூழாகிவிடும். கடையில் விற்கும் ஃபார்மலின் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, மூளையின் அளவைப் போலப் பத்து மடங்கு கரைசலில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். அதாவது 120 கிராம் மூளைக்கு ஒன்றேகால் லிட்டர் போல. பாத்திரத்தின் அடியில் பஞ்சு போடாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். மூன்றாம் நாள் கரைசலை மாற்றுங்கள். கரைசல் குறைவாக இருந்தாலும் அவசரப்பட்டு எடுத்தாலும் வெளிப்புறம் கெட்டியாகி நடுப்பகுதி இளஞ்சிவப்பாகக் குழைந்து கிடக்கும். நமக்கு வேண்டிய தலாமஸ் இருப்பது அங்கேதான். இதை வீட்டுச் சமையலறையில் செய்யக் கூடாது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள், கண்ணையும் மூச்சையும் எரிக்கும். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கழிவையும் அவர்கள் முறைப்படியே ஒப்படையுங்கள். வெட்டுவதற்கு முந்தின இரவு முழுக்கத் தண்ணீரில் அலச வேண்டும்.

நீண்ட கத்தியால் இரு பாதிக்கும் நடுவே ஒரே இழுப்பாக வெட்டுங்கள். ரம்பம் போல முன்னும் பின்னும் அறுத்தால் கார்பஸ் கலோசம் சிதறும். ஒரு பாதியை அப்படியே வைத்து மாடலின் நடுப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மறு பாதியைக் குறுக்குவாட்டில் 1 சென்டிமீட்டர் துண்டுகளாகச் சீவினால் காடேட் (பேசல் கேங்லியாவின் ஒரு பகுதி), இன்டர்னல் கேப்ஸ்யூல் (வெண்பகுதி இழைக் கற்றை), வென்ட்ரிக்கிள் எல்லாம் வரிசையாக வரும். வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஆட்டில் மோப்பக் குமிழ் பெரிது, ஃபிரான்டல் சிறிது, சிறுமூளை பெருமூளைக்குக் கீழே இல்லாமல் பின்னால் இருக்கும், மூளைத்தண்டு செங்குத்தாக இறங்காமல் கிடையாக ஓடும். மனிதனுக்கு இரண்டு குமிழாகத் தெரியும் மேமிலரி பாடி இதில் ஒன்றாகவே தெரியும். ஆட்டு மூளையை மட்டும் பார்த்தவர் மனித டெம்போரல் மடலைத் தவறாகத்தான் கற்பனை செய்வார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஆக, வாங்குவதானால் எட்டுத் துண்டு, நிஜ அளவு, நிறம் பூசாதது அல்லது மங்கிய நிறம், ஹிப்போகேம்பஸும் ஃபோர்னிக்ஸும் தனியாகத் தெரிவது. இவை இருந்தால் 3,000 ரூபாய்வரை தயங்காமல் கொடுக்கலாம். ஆன்லைனில் வாங்குவதானால் டெம்போரல் துண்டின் உட்புறப் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அனுப்ப மறுத்தால் வேறு கடை பாருங்கள்.