புளியரை ஏற்றத்துக்கு எந்த டீசல் பம்பு?

செங்கோட்டையிலிருந்து கேரளம் போகும் மலைப்பாதையில், புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரில் ஏறும்போது லோடு வண்டி திணறினால், கிளீனர் பையன்கூட "பம்பு போச்சுண்ணே" என்று சொல்லிவிடுவான். என் வண்டிக்கும் அதைத்தான் சொன்னார்கள். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கொல்லம் போகும் ஆறு சிலிண்டர் பழைய வண்டி, இன்லைன் பம்பு; அதாவது டீசலை அழுத்தி அனுப்பும் எலிமென்ட்டுகள் சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் பம்பு. தென்காசி ரோட்டில் ஒரு குறையும் தெரியாது. மலையடிவாரத்தைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் இழுவை வராது. விசாரித்தபோது ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். கம்பெனிப் புதுப் பம்பு வாங்கு, எக்ஸ்சேஞ்சில் மாற்று, உள்ளதையே எலிமென்ட் போட்டுக் கட்டு, டூப்ளிகேட் செட் போதும், டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தரும் ஃபீட் பம்பை எலெக்ட்ரிக்கில் வை என்று ஐந்து வழி. அதில் இரண்டை நானே காசு கொடுத்துப் பார்த்திருக்கிறேன். மற்றதை என்னோடு அதே ஏற்றத்தில் ஓடுகிறவர்களின் வண்டிகளில் பார்த்தேன்.

முதலில் செய்தது தப்பு. விலை மலிவாக இருந்தது என்று ஒரு டூப்ளிகேட் ஃபீட் பம்பு வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் எஞ்சின் ஆயில் அளவு கூடியிருந்தது! ஆயில் தானாகக் கூடாது. இன்லைன் பம்பின் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஃபீட் பம்புக்குள் ஒரு சின்னத் தண்டு போய் வரும். அது உட்காரும் துளை லேசாகத் தேய்ந்தாலும் டீசல் கசிந்து, பம்பின் அடியில் எலிமென்ட்டுகளைத் தூக்கும் கேம் சுழலும் அறைக்குள் இறங்கும். எஞ்சின் ஆயிலே அந்த அறைக்கும் போய் வருகிற வண்டிகளில் அது கடைசியில் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் சேரும். டீசல் கலந்த ஆயிலில் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? ஃபீட் பம்பில் மிச்சம் பிடித்த காசு ஆயில் மாற்றவே போனது.

பிறகு புனலூரில் ஒரு பம்பு ரூமுக்குப் போனேன். செங்கோட்டையிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம், பெரியவர் ஒருவர் இருந்தார். பம்பைக் கழற்றத் தயாராகப் போன என்னிடம் அவர் சொன்னது: "அண்ணாச்சி, பம்ப அவுக்கதுக்கு முந்தி ஒரு சோலி பாப்போம். இந்த ஓவர்ஃப்ளோ வால்வ மட்டும் மாத்தித் தாரேன், ஒரு நட ஏறிட்டு வாங்க."

ஃபீட் பம்பு தள்ளும் டீசலை எலிமென்ட்டுகளுக்குக் கீழே ஒன்று, ஒன்றரை பார் அழுத்தத்தில் தேக்கி வைப்பது அந்த வால்வுதான். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் சுலபமாக டேங்குக்கே திரும்பிவிடும். சமதரையில் எஞ்சின் கேட்பது கொஞ்சம் என்பதால் தெரியாது. ஏற்றத்தில் முழு டீசல் கேட்கும்போது எலிமென்ட் நிறையாது, இழுவை விழும். வால்வை மாற்றியதும் பாதிக் குறை தீர்ந்தது. மீதிப் பாதி எலிமென்ட் தேய்மானம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆகவே எந்தப் பம்பு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கேன் போட்டுப் பார்த்தீர்களா என்றுதான். சுத்தமான கேனில் டீசல் ஊற்றி ஃபீட் பம்புக்கு மேலே உயரத்தில் கட்டி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு நேராகக் குழாய் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். இழுவை வந்துவிட்டால் கோளாறு டேங்க் சல்லடையிலோ லைனிலோதான் இருக்கிறது. இழுக்கும் பக்கத்து லைனில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணாடிக் குழாய் ஒரு அடி வைத்துப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். இதைப் பார்க்காமல் பம்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். புதுப் பம்பும் அதே இடத்தில் நின்றது.

சரி, பம்பே தேய்ந்துவிட்டது என்று உறுதியான பிறகு?

எங்கள் பக்கம் இன்லைன் பம்பை இன்னும் மைக்கோ பம்பு என்றுதான் சொல்வார்கள். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. கம்பெனிப் புதுப் பம்பு வாங்க வசதி இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் பம்பின் மேல் அடித்திருக்கும் தகட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். "பிஇஎஸ் 6ஏ 95டி" என்று தொடங்கும் எண்ணில் 6 என்பது சிலிண்டர், ஏ என்பது பம்பின் அளவு, 95 என்பது எலிமென்ட்டுக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரின் விட்டம், அதாவது 9.5 மில்லி மீட்டர். 90 என்று இருந்தால் 9 மில்லி மீட்டர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பம்பு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், சுழலும் திசை, கேம் எல்லாம் அப்படித்தான். முழு எண்ணும் பொருந்தாமல் "இதுவும் இந்த எஞ்சினுக்குத்தான்" என்று தரும் பம்பை எடுக்காதீர்கள், புதுசாக இருந்தாலும் சரி. பழைய மாடல் வண்டிகளுக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டியும் வரும். காய்கறி லோடு காத்திருக்காது.

எக்ஸ்சேஞ்ச் பம்பு அந்த அவசரத்துக்கு நல்லது. பழைய பம்பைக் கொடுத்துவிட்டு, கட்டித் தயாராக இருக்கும் பம்பை வாங்கி அன்றைக்கே மாட்டிவிடலாம். ஆனால் உங்கள் பம்பின் பாடி நல்லதாக இருந்து, வருவதன் பாடி துரு தின்றதாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. யார் கட்டியது, எந்த பெஞ்சில் ஏற்றியது என்று காட்டும் தாள் இல்லாத எக்ஸ்சேஞ்ச் பம்பை நான் எடுக்க மாட்டேன்.

என் தீர்ப்பு, பாடியும் கேமும் நன்றாக இருக்கும் வரை உங்கள் பம்பையே கட்டுவதுதான். புதுப் பம்பு விலையில் பாதிக்கும் கீழேதான் வரும். எலிமென்ட், டெலிவரி வால்வு, சீல் மாற்ற வேண்டும். ரோலர், பேரிங் தேய்ந்திருந்தால் அதையும் விடக்கூடாது. அதன் பிறகு நடக்கும் காலிபரேஷன்தான் உயிர். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, சூடு 40 டிகிரிக்குக் கொண்டுவந்த டெஸ்ட் ஆயிலில் ஓட்டி, ஆறு லைனும் ஊற்றும் அளவைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்து சி.சி. கணக்குப் பார்ப்பார்கள். ஐடிலில் ஒரு அளவு, முழு லோடு வேகத்தில் ஒரு அளவு, கவர்னர் வெட்டும் இடம் என்று ஒவ்வொன்றும் சரியாக வர வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். ஆறு குழாயும் ஒரே மட்டத்தில் நிற்பதைக் கண்ணால் கண்டால்தான் காசு கொடுத்ததற்கு நிம்மதி. பெஞ்ச் இல்லாமல் "காதில் கேட்டே செட் பண்ணுவேன்" என்கிற இடத்தில் பம்பை அவிழ்க்கவே விடாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கூடவே சோதிக்கச் சொல்லுங்கள். சொட்டுகிற நாசிலை வைத்துக்கொண்டு பம்பை மட்டும் கட்டினால் புகை நிற்காது.

இந்த இடத்தில் டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை ஏற வேண்டும் என்று "கொஞ்சம் டீசல் கூட்டி வைங்க" என்று கேட்காதீர்கள். கூட்டினால் இழுவை கூடும், உண்மை. கருப்புப் புகையும் சூடும் அதோடு சேர்ந்து கூடும். கேரளப் பக்கத்து ஆரியங்காவு வரை முழு மிதியில் ஏறும் வண்டியில் அந்தச் சூடு ஹெட் கேஸ்கெட்டையும் பிஸ்டனையும் தின்னும்.

டூப்ளிகேட் எலிமென்ட் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் அளவுதான். பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரல் என்கிற உறைக்கும் இடையே இருப்பது இரண்டு, மூன்று மைக்ரான் இடைவெளி. தலைமுடி சுமார் 70 மைக்ரான். அந்த அளவுக்கு ராவி எடுக்காத, சரியாகக் கடினப்படுத்தாத இரும்பு முதல் மாதம் நன்றாகவே ஓடும். பிறகு சூட்டில் டீசல் இளகும்போது இடைவெளி வழியாகக் கசியும். பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கம் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் ஆறினால் பிடிக்கும். அந்தக் குணம் தெரிந்தால் எலிமென்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் தரும் பாகத்தை, பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஒரே ரோட்டர் சுழன்று எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துத் தரும் ரோட்டரி பம்பு வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்லைனின் கேமுக்கு ஆயில் இருக்கிறது. ரோட்டரிக்கு உள்ளே ஓடும் டீசலேதான் ஆயில். தண்ணீர் கலந்தால் ஹெட்டும் ரோட்டரும் இறுகிவிடும். ஜூனில் சாரல் தொடங்கினால் எங்கள் பக்கம் இது அடிக்கடி நடக்கும். கேரளத்தில் விலை கூடுதல் என்பதால் இந்தப் பக்கமே டீசல் போடுகிறோம். 2023 ஏப்ரலில் அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வந்ததிலிருந்து டீசலை டிரம் பேரலில் வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். மூடி சரியில்லாத பேரலில் சாரல் இறங்கும். பேரல் டீசல்தான் ஊற்றுவீர்கள் என்றால் பம்பை விட முதலில் வாங்க வேண்டியது, கண்ணாடிக் கிண்ணமும் கீழே திருகும் உள்ள வாட்டர் செபரேட்டர். மெல்லிய ஃபில்டரை மட்டும் இழுக்கும் பக்கம் வைக்காதீர்கள், அது டீசலையே தடுக்கும். இழுக்கும் பக்கம் பெரிய கண் சல்லடை, தள்ளும் பக்கம் பேப்பர் ஃபில்டர்.

எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில், அதாவது ரெயிலில், டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் காமன் ரெயில் வண்டியில் இந்த யோசனைகள் பாதி செல்லாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு வந்த லாரிகள் பெரும்பாலும் 1,600 பாருக்கு மேல் அழுத்தம் ஓடுகிறவை. அதில் ஹை பிரஷர் பம்பு பிய்ந்தால் இரும்புத் துகள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விடும், பம்பை மட்டும் மாற்றிப் பலன் இல்லை. லைன் முழுக்கக் கழுவி, இன்ஜெக்டர்களையும் சோதித்து, மாற்றினால் புது இன்ஜெக்டரின் கோடு எண்ணை எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவில் ஏற்ற வேண்டும். அங்கே அசல் அல்லது கம்பெனி அங்கீகரித்த இடத்தில் கட்டியது, வேறு பேச்சு வேண்டாம்.

கடைசியாக எலெக்ட்ரிக் ஃபீட் பம்பு. இதை முழுக்க ஒதுக்க மாட்டேன். டேங்க் பக்கத்திலிருந்து தள்ளுவதால் ஏர் வாங்காது, ஃபில்டர் மாற்றினால் கையால் அடித்து ஏர் எடுக்கும் வேலையும் இல்லை. லைனில் ஓட்டை இருந்தால் சொட்டிக் காட்டிவிடும். ஆனால் மெக்கானிக்கல் பம்பு எஞ்சின் சுற்றும் வரை சுற்றும். எலெக்ட்ரிக்கில் ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, மழையில் பச்சை பிடித்த ஒரு வயர் போதும், எஸ் வளைவில் நிற்பதற்கு. அதனால் மெக்கானிக்கலை எடுத்துவிட்டு இதை வைக்காதீர்கள். அதற்கு முன்னால் துணையாக வையுங்கள், பம்பு கேட்பதற்கு மேல் அழுத்தம் தராததாகப் பார்த்து. நேராக இக்னிஷனிலிருந்து கரண்ட் எடுக்கவும் விடாதீர்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக எடுத்தால் எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஓட ஸ்டார்ட்டர் லைனிலிருந்து இன்னொரு இணைப்பு. வண்டி கவிழ்ந்து குழாய் அறுந்தால், சாவி போட்டபடியே இருந்தாலும் டீசல் பீய்ச்சிக்கொண்டிருக்காது.