சோர்சரரைச் சரிசெய்ய இரண்டு வழிகள்: புள்ளியா, பட்டியலா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் 2014 விதிகளில், பிறவியிலேயே மந்திர ஆற்றல் கொண்ட வகுப்பான சோர்சரருக்கு என்ன குறை என்பது ஆடுபவர்கள் அறிந்ததே. படித்து மந்திரம் கற்கும் விசார்ட் தன் நூலில் மந்திரங்களை எழுதிச் சேர்த்துக்கொண்டே போகிறார். சோர்சரர் 20ஆம் நிலையை எட்டினாலும் 15 மந்திரங்களோடு நின்றுவிடுகிறார். வீட்டு விதியால் இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஸ்லாட்டுகளை (எந்த நிலை மந்திரத்தை எத்தனை முறை வீசலாம் என்ற ஒதுக்கீடு) எடுத்துவிட்டு, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கான 2014 கையேட்டில் மாற்றாக உள்ள மந்திரப் புள்ளிகளையும், சோர்சரருக்கே உரிய சோர்சரி புள்ளிகளையும் ஒரே கணக்கில் சேர்ப்பது ஒன்று. ஸ்லாட்டுகளைத் தொடாமல், சோர்சரரின் ஒவ்வொரு துணை வகுப்புக்கும் பத்து மந்திரங்களைக் கூடுதலாகத் தருவது மற்றொன்று. எங்கள் குழுவுக்கு நான் எழுதியது இரண்டாவது.

புள்ளி முறை கைக்கு இதமானது, கணக்கும் எளிது. ஆனால் 5ஆம் நிலையை எடுத்துப் பாருங்கள். 27 மந்திரப் புள்ளி, 5 சோர்சரி புள்ளி, ஆக 32. ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தின் விலை 5. ஆறு முறை வீசலாம். ஸ்லாட் முறையிலும் சிறு ஸ்லாட்டுகள் எல்லாவற்றையும் சோர்சரி புள்ளிகளாக உருக்கிப் பெரியவையாக மாற்றினால் ஐந்து வரை போகலாமே என்பீர்கள். போகலாம்தான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும், தன் முறையில் கிடைக்கும் ஒரே கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவாகும். சண்டைக்கு முன்பே மாற்றிவைத்தால், எதிரி யாரென்று தெரியாமலே சிறு மந்திரங்களை இழக்க வேண்டும். அந்தத் தயக்கம்தான் இந்த வகுப்பின் கடிவாளம். புள்ளி முறை அதைக் கழற்றிவிடுகிறது.

அதனால் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: செலவழித்ததெல்லாம் மீளும் இரண்டு நீண்ட ஓய்வுகளுக்கு நடுவே எத்தனை சண்டைகள்? கையேடு ஆறு முதல் எட்டு வரை எதிர்பார்க்கிறது. எங்கள் ஆட்டத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அப்படிப்பட்ட நாளில் எதையும் மிச்சம் வைக்கத் தேவையில்லாத சோர்சரர், சுற்றுக்கு ஒரு 8டி6 (எட்டு ஆறுமுகப் பகடை) சேதம் என்று கொட்டித் தீர்ப்பார். பக்கத்தில் ஆயுதம் ஏந்தி நிற்கும் ஃபைட்டர் தன் முறைக்குக் காத்திருப்பதோடு சரி. இத்தனைக்கும் தெரிந்த மந்திரங்களின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. நோய் ஒன்று, மருந்து வேறு.

பட்டியல் முறை நேராக அந்தக் குறையைத் தொடுகிறது. 2020இல் வந்த கிளாக்வொர்க் சோல் என்ற சோர்சரர் துணை வகுப்பைப் போல 1, 3, 5, 7, 9ஆம் நிலைகளில் இரண்டிரண்டாகக் கொடுத்தேன். டிராகன் வழி என்ற துணை வகுப்புக்கு கமாண்ட், லொகேட் ஆப்ஜெக்ட், லெஜண்ட் லோர் போன்றவை. சேதம் விளைவிப்பவற்றை வேண்டுமென்றே தவிர்த்தேன், அவற்றை ஆட்டக்காரர் எப்படியும் தானே எடுத்துக்கொள்வார். ஏதாவது ஒன்று மிஞ்சிப் போனால் அந்த ஒரு மந்திரத்தை மாற்றினால் போதும். புள்ளியில் கைவைத்தால் மொத்தக் கணக்கும் ஆட்டம் காணும். 2024 பதிப்பும் டிராகன் வழிக்குத் தனி மந்திரப் பட்டியல் தந்திருப்பது எனக்கு இன்னும் தெம்பு.

11ஆம் நிலைக்கு மேல் நான் அதிகம் ஆடியதில்லை. கையேட்டின் புள்ளி முறையில் 6ஆம் நிலை மந்திரம் முதல் மேலே உள்ளவற்றை, அடுத்த நீண்ட ஓய்வு வரை, நிலைக்கு ஒரு முறைதான் வீச முடியும் என்பதால், அங்கே இந்த வேறுபாடு சுருங்கலாம். உங்கள் டன்ஜன் மாஸ்டர் ஓய்வே தராமல் சண்டைமேல் சண்டையாக வைப்பவர் என்றால், புள்ளி முறையைத் தயங்காமல் எடுங்கள். சோர்சரி புள்ளிகளை மட்டும் அதில் கலக்காதீர்கள்.