ஓடும் புராசஸின் நினைவகக் கொள்கையை வெளியிலிருந்து மாற்றுவது: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புராசஸ் (இயங்கும் நிரல்) தனக்கு வேண்டிய நினைவகத்தை எந்த நோடிலிருந்து (ஒரு பிராசசரும் அதனருகே உள்ள நினைவகமும் சேர்ந்த பகுதி) எடுக்க வேண்டும் என்ற நினைவகக் கொள்கையை, அதை நிறுத்தாமல், வேறொரு புராசஸிலிருந்து மாற்றுவதற்கு நேரான வழி இல்லை. இரண்டு சாக்கெட் (பிராசசர் பொருத்தும் இடம்) கொண்ட ஒரு சர்வரைப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இந்தக் குறையைத் தாண்டிச் செல்ல எவை கைகொடுத்தன, எவை பாதி வழியில் நின்றுவிட்டன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), ஆலை எடைப்பாலத்தின் பதிவுகள், மாத இறுதிச் சம்பளக் கணக்கு ஆகிய மூன்றும் இந்த ஒரே இயந்திரத்தில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 64 ஜிபி நினைவகம் உண்டு. நோடுகளையும் நினைவகக் கொள்கையையும் கையாளும் 'நூமாசிடிஎல்' கட்டளை, தன் நினைவகத்துக்கான தூரத்தை 10 என்றும் அடுத்த சாக்கெட்டின் நினைவகத்துக்கான தூரத்தை 21 என்றும் காட்டுகிறது. இவை அளந்தெடுத்த நேரமல்ல, ஃபர்ம்வேர் தரும் ஒப்பீட்டு எண்கள்தான்; ஆனாலும் எது அருகில், எது தொலைவில் என்பதை அறிய அவை போதும். எங்கள் கணக்கு மென்பொருள் தொடங்கும்போது ஒரே ஒரு திரெட் (புராசஸுக்குள் தனியே ஓடும் வேலைச் சரடு) அட்டவணைகள் அனைத்தையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. ஒரு பக்கத்தை (நினைவகம் பங்கிடப்படும் சிறு துண்டு) முதலில் தொடுவது எந்த நோடின் பிராசசரோ அந்த நோடிலேயே பக்கத்தை ஒதுக்குவது லினக்ஸின் இயல்பு என்பதால், ஏறத்தாழ எல்லாத் தரவும் நோடு 0இல் குவிந்துவிடுகிறது. மாத இறுதியில் இரு சாக்கெட்டுகளிலும் உள்ள திரெட்டுகள் ஒரே நேரத்தில் அந்த ஒரு நோடின் நினைவகத்தையே மொய்க்கும்போது அறிக்கை மந்தமாகிறது. மறு நோடோ பாதி காலியாகவே கிடக்கிறது. 'நூமாஸ்டாட்' கட்டளையைப் புராசஸ் எண்ணுடன் கொடுத்தால் இந்த ஏற்றத்தாழ்வு உடனே தெரியும்; எந்த முகவரிப் பகுதி எங்கே இருக்கிறது என்ற விவரம் '/பிராக்' கோப்பகத்தின் 'நூமா_மேப்ஸ்' கோப்பில் கிடைக்கும்.

மென்பொருளை நிறுத்தி, பக்கங்களை இரு நோடுகளிலும் மாறி மாறி ஒதுக்கும் 'இன்டர்லீவ்' கொள்கையோடு மீண்டும் தொடங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எளிதாகச் சொல்லலாம். ஆனால் வெட்டிய குலைகள் காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் காலத்தில் "தம்பி, எடைப்பாலம் மட்டும் நிற்கவே கூடாது" என்று பெரிய கிராணி (தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தர்) சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஆகவே, ஓடும் புராசஸை ஓடவிட்டபடியே திருத்தும் வழிதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அடிப்படை விதி இதுதான். 'செட்_மெம்பாலிசி' என்ற சிஸ்டம் கால் (லினக்ஸின் மையமான கர்னலிடம் நிரல் விடுக்கும் கோரிக்கை), தன்னை அழைக்கும் திரெட்டின் கொள்கையை மட்டுமே மாற்றும். அந்தக் கொள்கை ஃபோர்க் (புராசஸ் தன்னைப் பிரதியெடுப்பது) வழியாகப் பிள்ளைப் புராசஸுக்குப் போகும். எக்ஸெக் (புராசஸ் வேறு நிரலாக உருமாறுவது) ஆன பிறகும் நிலைக்கும். நூமாசிடிஎல் வேலை செய்வதும் இந்த மரபுரிமையை நம்பித்தான்: அது முதலில் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு, பிறகு நமது நிரலாக உருமாறுகிறது. சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் 243ஆம் பதிப்பில் வந்த 'நூமாபாலிசி' அமைப்பும் இப்படிப்பட்டதே. இவை நன்றாக உழைக்கின்றன, ஆனால் தொடக்கத்துக்கு முன்பு மட்டும்.

ஓடும் புராசஸின் மீது கைவைக்க இரண்டு பழைய சிஸ்டம் கால்கள் உண்டு. 'மைகிரேட்_பேஜஸ்' கர்னல் 2.6.16இலும் 'மூவ்_பேஜஸ்' 2.6.18இலும் வந்தன. முதலாவது, ஒரு நோடில் உள்ள பக்கங்களை மொத்தமாக இன்னொரு நோடுக்கு அனுப்பும். பாதியை மட்டும் அனுப்பு என்று அதனிடம் சொல்ல முடியாது. இரண்டாவது, பக்க முகவரிகளின் பட்டியலையும் ஒவ்வொன்றும் போக வேண்டிய நோடையும் பெற்றுக்கொள்கிறது. இதைப் பயன்படுத்தி, ஒன்றுவிட்டு ஒரு பக்கத்தை நோடு 1க்கு நகர்த்தும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். மாத இறுதி அறிக்கையின் மந்தம் கண்கூடாகக் குறைந்தது. நீண்ட காலமாக எங்களுக்கு அதிகம் உதவியிருப்பது இந்த நிரல்தான். ஆனால் இது இருப்பதை மட்டுமே நகர்த்துகிறது. மென்பொருள் அடுத்த நிமிடம் புதிதாகக் கேட்கும் பக்கங்கள் பழைய கொள்கைப்படியே ஒதுக்கப்படும் என்பதால், நகர்த்தும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

புராசஸ்களைக் குழுவாக்கி வளங்களை வரையறுக்கும் சிகுரூப்பின் 'சிபியுசெட்.மெம்ஸ்' (குழு பயன்படுத்தக்கூடிய நோடுகளின் பட்டியல்) கோப்பை வெளியிலிருந்து, புராசஸ் ஓடும்போதே மாற்றலாம். இரண்டாம் பதிப்புச் சிகுரூப்பில், மாற்றியவுடன் பழைய பக்கங்களும் புதிய நோடுகளுக்கு நகர்கின்றன. ஆனால் இது ஒரு வேலி மட்டுமே. இரு நோடுகளையும் வேலிக்குள் விட்டால், உள்ளே பங்கீடு மீண்டும் இயல்பான கொள்கைக்கே திரும்பிவிடும். முதல் பதிப்பில் இருந்த 'மெமரி_ஸ்பிரெட்_பேஜ்' வசதி கோப்புக் கேஷை (படித்த கோப்புகளின் நினைவக நகல்) நோடுகளில் பரப்பியது. புராசஸின் சொந்த நினைவகத்தை அது தொடவில்லை.

ஜிடிபி என்ற பிழைதிருத்தியை ஓடும் புராசஸோடு இணைத்து, மென்பொருளின் வாயாலேயே செட்_மெம்பாலிசியை அழைக்க வைப்பவர்களும் உண்டு. சோதனை இயந்திரத்தில் அது வேலை செய்தது. ஆனால் கொள்கை ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி என்பதால் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். அதுவரை மென்பொருள் நின்று நின்று ஓடும். சம்பளக் கணக்கு ஓடும் இயந்திரத்தில் இதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கர்னல் இந்த வசதியைத் தராமலிருப்பதற்குக் காரணம் அலட்சியமல்ல. ஒவ்வொரு பக்கம் ஒதுக்கப்படும்போதும் கொள்கை படிக்கப்படுகிறது. அதை மாற்றக்கூடியது அந்தத் திரெட் மட்டுமே என்ற உறுதி இருப்பதால் பூட்டு (படிக்கும்போது வேறொருவர் மாற்றாதபடி தடுப்பது) எதுவுமின்றிப் படிக்க முடிகிறது. வெளியாருக்கு அனுமதி கொடுத்தால், கர்னலில் மிக அடிக்கடி ஓடும் அந்தப் பாதையில் பூட்டோ, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கைக் கணக்கோ சேர வேண்டும். அதன் விலையை எல்லாப் புராசஸ்களும் கொடுக்க வேண்டும். 2022இல் பிட்எஃப்டி (ஒரு புராசஸைச் சுட்டும் கைப்பிடி) வழியாக இதைச் செய்யும் ஒரு சிஸ்டம் காலும், 2023இல் வேறொரு பேட்ச் (கர்னல் நிரல் மாற்றம்) தொகுதியும் முன்மொழியப்பட்டன; இரண்டும் கர்னலில் சேரவில்லை. இருந்தும் என் கருத்து, இந்த வசதி வேண்டும் என்பதே. சிபியுசெட் மாறும்போது, அதிலுள்ள புராசஸ்களின் கொள்கையில் இருக்கும் நோடுப் பட்டியலைக் கர்னலே வெளியிலிருந்து திருத்தி எழுதுகிறது. பட்டியலை மாற்ற ஒரு வழி இருக்கும்போது, கொள்கையின் வகையையும் மாற்றும் வழியைக் கவனமாக வகுப்பது முடியாத காரியமாக இருக்காது. பக்கங்களை நகர்த்த மூவ்_பேஜஸ் ஏற்கெனவே கேட்கும் அனுமதிச் சோதனையையே இதற்கும் வைக்கலாம்.

வேறு இயங்குதளத்தில் இது நடைமுறையிலேயே இருக்கிறது. ஃபிரீபிஎஸ்டி 12.0இல் வந்த 'சிபியுசெட்_செட்டொமைன்', புராசஸ் எண்ணைச் சொன்னால் அதன் நினைவகக் கொள்கையை மாற்றித் தருகிறது. 'சிபியுசெட்' கட்டளையில் ஒரே வரியில் இதைச் செய்யலாம். எங்கள் கணக்கு மென்பொருள் லினக்ஸுக்கு மட்டுமே கிடைப்பதால் நாங்கள் அங்கே மாறவில்லை.

இன்னொரு வாசல் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது; புதிதாக மென்பொருள் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சிஸ்டம் ஃபைவ் பகிர்வு நினைவகத்தில் (பல புராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு வகை நினைவகம்) கொள்கை புராசஸோடு ஒட்டுவதில்லை, அந்த நினைவகத் துண்டோடு ஒட்டுகிறது. அதனால் உரிய அனுமதி உள்ள இன்னொரு புராசஸ் அதே துண்டின் கொள்கையை நிர்ணயிக்கலாம். நூமாசிடிஎல்லில் துண்டின் எண்ணைக் கொடுக்கும் தேர்வே உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு முதல் 'ஷேர்டு_மெமரி_டைப்' அமைப்பில் 'சிஸ்வி' என்று எழுதினால் அதன் முதன்மைப் பகிர்வு நினைவகம் இவ்வகையில் அமையும். எங்கள் எடைப்பாலப் பதிவுகளை அந்தத் தரவுத்தளத்துக்கு மாற்றியபோது இந்த அமைப்பையே வைத்தோம். அது தொடங்கியவுடன், பக்கங்கள் தொடப்படுவதற்கு முன்பே, தனியான ஒரு சிறு ஸ்கிரிப்ட் அந்தத் துண்டுக்கு இன்டர்லீவ் கொள்கையைப் போட்டுவிடுகிறது. சம்பளக் கணக்குக்கு மட்டும் மூவ்_பேஜஸ் நிரல் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.