அலிபாக் ‘பீச் ட்ரைக்’ பேக்கேஜ்: டெபாசிட் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சனி, ஞாயிறு மும்பைக்குத் தெற்கே இருக்கும் அலிபாக்கில் கடற்கரை வீட்டில் தங்கலாம், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் வார்சோலியில் இருந்து ரேவ்தண்டா வரை கடலோரமாகவே குடும்பத்தோடு போகலாம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் ‘சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல்’ என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நாங்கள் போய்ப் பணத்தை விட்டதோடு, அப்பாவின் காலிலும் காயத்தோடு திரும்பி வந்தோம். பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த வாரமே வேறு பெயரில் வருவார்கள். இவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை ஆகிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் சயானில் இருந்து பரேல் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு சைக்கிளிலேயே போய் வந்தவர். அறுவைக்குப் பிறகு, விழுந்தால் வம்பு, இரண்டு சக்கரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரிகம்பென்ட் ட்ரைக் என்கிற இந்த வண்டியில் பேலன்ஸ் செய்யத் தேவையில்லை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் வலைத்துணி சீட். பெடல் காலுக்கு நேர் எதிரே இருக்கும். வயதானவர்களும் முதுகுவலிக்காரர்களும் வெளிநாடுகளில் நிறைய ஓட்டுகிறார்கள். யூடியூபில் அதைப் பார்த்ததில் இருந்து அப்பாவுக்கு அதே நினைப்பு. விளம்பரம் கண்ணில் பட்டதும், “ஏம்மா, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமே” என்றார்.

விளம்பரப் படத்தில் இருந்தது பளபளப்பான சிவப்பு வண்டி. அமெரிக்காவின் கேட்ரைக், இங்கிலாந்தின் ஐஸ் போன்ற வண்டிகள் இந்த ரகம். இங்கே கொண்டுவந்து இறக்கினால் லட்சக்கணக்கில் ஆகும். வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் எங்களுக்காக நின்றது வேறு. யாரோ உள்ளூர்ப் பட்டறையில் குழாயை வெல்டிங் அடித்து, சிறுவர் சைக்கிளின் 20 அங்குலச் சக்கரங்களை மாட்டியிருந்தார்கள். உள்ளூரில் செய்தது என்பதற்காக நான் குறை சொல்ல மாட்டேன், நன்றாகச் செய்தால் அதிலும் ஓட்டலாம். இதில் இடது சக்கரம் ஒரு பக்கம், வலது சக்கரம் இன்னொரு பக்கம் பார்த்தது. இரண்டையும் இணைக்கும் கம்பியைச் சரியாக வைக்காவிட்டால் டயர் தேய்ந்துகொண்டே ஓடும், மிதிக்கிறவருக்குப் பிரேக் பிடித்த மாதிரி இருக்கும்.

அடுத்தது பூம். பெடல் மாட்டியிருக்கும் முன்குழாய்க்கு அதுதான் பெயர். ஓட்டுகிறவரின் கால் நீளத்துக்குத் தக்கபடி அதை இழுத்தோ உள்ளே தள்ளியோ வைக்க வேண்டும். பெடல் ஒரு சுற்றுச் சுற்ற முழங்கால் ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டும். பெடல் கிட்டத்தில் இருந்தால் அதற்கும் மேல் மடங்க வேண்டிவரும், செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கு அது கொடுமை. அப்பாவின் உயரத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஆனால் பூம் குட்டையாகவே இருந்தது, துருவில் இறுகியும் போயிருந்தது. கைடு என்று வந்த பையனிடம் போல்ட்டைத் திருகும் ஆலன் கீ கூட இல்லை. ஒரு கல்லை எடுத்துத் தட்டினான். “தம்பி, நீட்டினா செயின் பத்தாதே, கண்ணி சேக்கணுமே” என்று அப்பா இந்தியில் சொன்னபோது அவன் முழித்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. காலேஜ் படித்துக்கொண்டே சனி, ஞாயிறு கூலிக்கு வருகிறவன். பேசிப் பணம் வாங்கிய மேனேஜர் அப்போது அந்தப் பக்கமே இல்லை.

வீடு ‘கடலைப் பார்த்தது’ என்பதும் பொய், இரண்டு சந்து தள்ளி இருந்தது. அதை விடுங்கள். சமையல் செய்த ஆஜியின் (மராத்திப் பாட்டி) சோறும், ஆமட்டி என்கிற பருப்புக் குழம்பும், சோல்கடி என்கிற கோகம் பானமும் அருமை. அந்த அம்மாவுக்கும் இந்தக் கூத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கடற்கரையில் இறங்கிய கதைதான் முக்கியம். அன்று அமாவாசையை ஒட்டிய நாள். மும்பைக் கடலில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் ஏறுவது நண்பகலை ஒட்டித்தான். மழைக்காலத்தில் டிவியில் வரும் ஹை டைட் எச்சரிக்கையின் நேரத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். வடிந்து கிடப்பது காலை ஆறு, ஏழு மணிவாக்கிலும் சாயங்காலமும். அலிபாக் பக்கம் கரை தட்டையானது என்பதால் வடிந்தால் வெகுதூரம் வடியும், அப்போது ஈரமான கெட்டி மணல் கிடைக்கும், அதில் சைக்கிள் தார் ரோடு போல ஓடும். அலிபாக்கில் கடலுக்குள் இருக்கும் குலாபா கோட்டைக்குத் தண்ணீர் வடிந்த நேரத்தில் நடந்தே போகிறார்களே, அதே கணக்குத்தான்.

எங்களை இறக்கியது பதினொரு மணிக்கு. கெட்டி மணல் முழுக்கத் தண்ணீருக்கு அடியில். மிச்சமிருந்தது மேலே கிடக்கும் பொதபொத மணல். சைக்கிள் மணலில் ஒரே தடம்தான் கிழிக்கும். இந்த வண்டி மூன்று சக்கரத்துக்கும் தனித்தனித் தடம் கிழித்தாக வேண்டும். முன்சக்கரம் இரண்டும் மணலை உழுதுகொண்டு போக, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. என் கணவர் இறங்கித் தள்ளினார். என் மகன் அலையோரமாக ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பியபோது கைடு தடுக்கவில்லை. “அங்கதான் நல்லா போகும், தண்ணிலயே விடுங்க” என்று அவனே கை காட்டினான். செயின் பாதி உயரத்துக்கு உப்புத் தண்ணீர். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. வலை உலர்த்திக்கொண்டிருந்த கோளி மீனவ அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சாயங்காலம் வாங்க, இப்ப எவனாவது வண்டிய இறக்குவானா?” என்று கேட்டார்.

மணலில் ஆகவில்லை என்றதும் ரோட்டில் போகலாம் என்றான் பையன். அலிபாக் – ரேவ்தண்டா சாலை பார்க்க அழகுதான். அக்‌ஷி, நாகாவ், சௌல் என்று தென்னையும் பாக்குமாக வாடிகள், அதாவது தோப்புகள், இரண்டு பக்கமும் வரும். ஆனால் ரோடு குறுகல், சனி, ஞாயிறில் மும்பை கார்கள் முழுக்க அதில்தான். இந்த வண்டியில் உட்கார்ந்தால் நம் தலை காரின் ஜன்னல் உயரத்துக்குக்கூட வராது. டெம்போக்காரர் கண்ணுக்கு நாம் தெரியவே மாட்டோம். அதற்காகத்தான் சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கம்பி நட்டு ஆரஞ்சுக் கொடி கட்டுவார்கள். எங்கள் வண்டிகளில் கொடி செருகும் குழாய் இருந்தது, கொடி இல்லை. “காத்துல பறந்துடுச்சு” என்றான்.

அக்‌ஷி பாலத்தில் ஏறி இறங்கும்போது அப்பாவின் செருப்புக் கால் பெடலில் இருந்து நழுவியது. சாதா சைக்கிளில் கால் நழுவினால் கீழே ஊன்றிக்கொள்வோம். இதில் அனிச்சையாக ஊன்றினால் ஆபத்து. வண்டி முன்னால் போகும், தரையில் பட்ட கால் பின்னால் இழுபட்டு வண்டிக்கு அடியில் போகும், குறுக்குக் குழாய் வந்து காலில் ஏறும். அதனால்தான் பெடலில் குதிகாலைத் தாங்கும் பட்டையோ, ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்போ கட்டாயம் வேண்டும் என்பது இந்த வண்டியில் அரிச்சுவடிப் பாடம். பட்டையும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை. அப்பா சட்டென்று இரண்டு பிரேக்கையும் பிடித்ததால் கணுக்கால் தோலோடும் ஆடுசதையில் ரத்தக்கட்டோடும் போயிற்று. மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வண்டிகளை அங்கேயே நிறுத்தி, ஒரு ஆறு சீட்டர் ஆட்டோ பிடித்துத் திரும்பினோம்.

மறுநாள் கிளம்பும்போது மேனேஜர் எங்கிருந்தோ முளைத்தார். வண்டிக்கு ஐயாயிரம் வீதம் மூன்று வண்டிக்கு ரூ.15,000 டெபாசிட் கட்டியிருந்தோம். கையில் வெள்ளைத்துணியோடு வந்தவர், செயினைத் துடைத்து பழுப்புக் கறையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “மேடம், கடல் தண்ணில இறக்கிட்டீங்க. செயின் போச்சு. இந்த வண்டிக்கு சாதா செயின் மூணு சேர்த்தா ஒண்ணு.” அது உண்மைதான், இந்த வண்டியின் செயின் அவ்வளவு நீளம். அதனால்தான் கேட்கிறவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செயினைப் பல்சக்கரத்தில் இருந்து விரலால் நெம்பி எடுத்து ஒரு கண்ணியை மடக்கினார். மடங்கியது மடங்கியபடியே நின்றது, நிமிரவில்லை. அடுத்து, செயின் ஓடும் பிளாஸ்டிக் குழாயைத் தரையில் தட்டினார். காய்ந்து இறுகிய மண்கட்டி, கட்டி கட்டியாக விழுந்தது. “நேத்து இறக்கினா மேலாப்புல பழுப்பு பூக்கும், துடைச்சா போயிடும். ஆணி வரைக்கும் இறுகணும்னா மாசக்கணக்குல எண்ணெய் பாத்திருக்கக் கூடாது. நான் ஒர்க்‌ஷாப் ஆளு தம்பி” என்றார். மேனேஜர் குரலை உயர்த்தினார். கடலில் இறக்கச் சொன்னது உங்கள் பையன்தான் என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் ரூ.11,500 பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். செயின், பேரிங், க்ளீனிங், லேபர் என்று ஒரு துண்டுச்சீட்டு. பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. முதலில் பணம் போனதும் கம்பெனிக் கணக்குக்கு இல்லை, ஒரு தனிநபரின் யுபிஐ-க்கு.

என் கணிப்பு இது. வண்டி வாடகை வார இறுதிக்கே ரூ.1,200 தான். அந்த வாடகையில் இந்தத் தொழில் நடக்காது. டெபாசிட்தான் வருமானம். ஒரே துருப்பிடித்த செயினைக் காட்டி ஒவ்வொரு குடும்பத்திடமும் புதுச் செயினுக்குப் பணம் பிடிக்கலாம். மாற்றாமல் வைத்திருப்பதில்தான் லாபம். ‘பீச் ட்ரைக்’ என்று விற்றுவிட்டு, மணலும் உப்பும் பட்டது என்று அபராதம் போடுவது அதற்குத் தோதாக அமைகிறது.

இந்த மாதிரி வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், முன்பணம் கட்டும் முன் அவர்கள் வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்தி வீடியோ கால் போடச் சொல்லுங்கள். செயின், பெடல் பட்டை, கொடி, பார்க்கிங் பிரேக் நான்கையும் காட்டச் சொல்லுங்கள். பார்க்கிங் பிரேக் ஏன் என்றால், மூன்று சக்கரம் சரிவில் தானாக உருளும், ஏறி இறங்கும்போது வண்டி நகரக் கூடாது. விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு வந்த படம் ஒரு வெளிநாட்டு விற்பனைப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அன்றைய கடல் வடியும் நேரம் என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் கடற்கரையில் எதையும் ஓட்டவைக்க லாயக்கில்லை. மணலில் இறக்கலாமா, கூடாதா, இறக்கினால் எதற்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஜூன், ஜூலைக்கும் இவர்கள் ‘நான்-ரீஃபண்டபிள்’ புக்கிங் வாங்குகிறார்கள். மழைக்காலத்தில் மும்பை கேட்வேயில் இருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா துறைக்குப் போகும் கேட்டமரான் படகுகள் நின்றுவிடும், மும்பை பாவுச்சா தக்கா துறையில் இருந்து கார்களையும் ஏற்றிப் போகும் ரோரோ கப்பலும் வானிலையைப் பொறுத்துத்தான். படகில்லாமல் நீங்கள் போகாவிட்டால் அந்தப் பணமும் அவர்களுக்கே.

எங்களுக்குக் கைகொடுத்தது மகன் எடுத்த வீடியோதான். பள்ளித் தோழர்களுக்குக் காட்ட, போய் இறங்கிய உடனே வண்டியைச் சுற்றிச் சுற்றி எடுத்திருந்தான். பழுப்புச் செயின், கொடியில்லாத குழாய், கல்லால் பூமைத் தட்டுவது எல்லாம் தேதி நேரத்தோடு அதில் இருக்கிறது. அதை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன், தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அலிபாக்குக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

புகார் போனதும் மேனேஜரிடம் இருந்து மெசேஜ் வந்தது: நான் போட்ட கூகுள் ரிவ்யூவை எடுத்துவிட்டால் நாலாயிரம் அனுப்புகிறாராம். மாற்றிய செயினின் பில்லை அனுப்புங்கள், பிறகு பேசலாம் என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது, பில் இன்னும் வரவில்லை. செம்பூர்க்காரர்கள் என்பதால் பாந்த்ராவில் இருக்கும் புறநகர் மாவட்ட ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். செயின் பற்றிய பத்தியை அப்பாவே எழுதுகிறார், அதுவே ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது.