‘ர’ வராத பிள்ளைக்கு நேரில் தெரபியா, ஆன்லைனா, யூடியூபா?

ஏற்காட்டில் குடியிருந்துகொண்டு பிள்ளைக்கு ‘ர’ வரவைக்க வேண்டும் என்றால் நாலு வழி இருக்கிறது. சேலத்துக்கு இறங்கி ஒரு தனியார் ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) கிளினிக்குக்குப் போகலாம். வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார வைத்து ஆன்லைனில் பார்க்கலாம். அரசு மருத்துவமனை மையத்துக்குப் போகலாம். யூடியூபைப் பார்த்து நாமே சொல்லிக்கொடுக்கலாம். நாங்கள் முதல் வழிக்குப் போனோம், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் ‘நேரில் போவதுதான் ஒசத்தி’ என்று பொதுவாகச் சொல்பவர்களின் காரணம் வேறு, என் காரணம் வேறு.

அதற்கு முன், சும்மா காத்திருப்பதும் ஒரு வழிதான். ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ‘ர’ வந்துவிடும். நாம் சொல்லிக்காட்டியதும் பிள்ளை ஒன்றிரண்டு முறையாவது சரியாகச் சொல்லிவிட்டால் அது தானாகத் திருந்த வாய்ப்பு அதிகம். எத்தனை தடவை சொல்லிக்காட்டினாலும் ‘ல’தான் வருகிறது என்றால் காத்திருப்பதில் லாபமில்லை. என் மகன் இரண்டாவது ரகம். ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் சர்க்கரை அவனுக்குச் சல்க்கலை, அரிசி அலிசி, ஏற்காடு ஏல்காடு. ‘மரம்’ என்று வகுப்பில் வாசிக்கச் சொன்னால் என்ன வரும், யார் யார் சிரிப்பார்கள் என்று தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாளில் அவன் தோப்பு மரங்களை எல்லாம் ‘பெரிய செடி’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். தப்பாகச் சொல்வதைவிட, சொல்லாமல் தப்பிக்கப் பழகுவதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது.

வீட்டு வைத்தியங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். அம்மாயி வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார், நாங்கள் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும், அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ‘ல’ சுத்தமாக வருகிற பிள்ளையின் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தாராளமாகத் தொடுகிறது என்றுதான் அர்த்தம். ‘ர’வுக்கும் அதே இடம்தான். ஆக எங்கள் விஷயத்தில் கத்திக்கு வேலையில்லை. காது டெஸ்ட் மட்டும் எந்த வழியில் போனாலும் முதலில் எடுத்துவிடுங்கள். சரியாகக் கேட்காத ஒலியைப் பிள்ளை சரியாகச் சொல்ல முடியாது.

யூடியூப் இலவசம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், அலைச்சல் இல்லை. சிக்கல் எங்கே என்றால், ‘ர’வுக்காகத் தேடினால் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஆங்கில ‘ஆர்’ பற்றியவை. அந்த ஒலியில் நாக்கு நுனி மேலே எதையும் தொடாது. நாக்கைப் பின்னால் இழுத்து உருட்டிக் குவிக்கச் சொல்வார்கள், அல்லது நுனியை மேல்நோக்கி வளைத்து அந்தரத்தில் நிறுத்தச் சொல்வார்கள். நாக்கின் ஓரங்கள் கடைவாய்ப் பற்களில் அழுந்த வேண்டும், உதடு கொஞ்சம் குவிய வேண்டும். தமிழ் ‘ர’ நேர் எதிர். நுனி மேட்டை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு உடனே இறங்க வேண்டும், தொடாமல் இந்த ஒலியே கிடையாது. “எங்கும் தொடாதே” என்று அமெரிக்க அம்மணி சொல்வதை அப்படியே கேட்டு நடக்கும் பிள்ளைக்குச் சேலத்து அரிசி எப்படி வாயில் வரும்? தேன் நக்குவது, விசில் ஊதுவது, நாக்கை மூக்கு வரை நீட்டுவது போன்ற ‘நாக்கு ஜிம்’ வீடியோக்கள் இன்னொரு வகை. பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும். அவை மட்டும் ஒலியைத் திருத்தும் என்பதற்குப் போதிய ஆய்வு ஆதாரம் கிடையாது. நேரில் பார்க்கும் கிளினிக்கிலும் பாதி நேரம் இதையே செய்தால் காரணம் கேளுங்கள்.

ஆன்லைன் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மையத்தில் சில செஷன்கள்தான் பார்த்தோம். வெளிமாநிலத்து தெரபிஸ்ட், அன்பானவர், பிள்ளையிடம் பொறுமையாகப் பேசினார். பயிற்சித் தாள் மட்டும் முழுக்க ரேபிட், ரிங், கேரட். பேச்சுத் தமிழ் தெரியாததால் வேறொரு வேடிக்கையும் நடந்தது. மகன் ‘காத்து’ என்று சொன்னதை ‘காற்று’ என்ற எழுத்தோடு ஒப்பிட்டுப் பிழையாகக் குறித்துக்கொண்டார். இந்த ஊரில் யார் வீட்டில் ‘நேற்று காற்று அடித்தது’ என்று பேசுகிறார்கள்? நேத்து, காத்து, சோத்துக்கு எல்லாம் தெரபி கொடுக்க ஆரம்பித்தால் ஊரையே கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

தமிழ் பேசும் தெரபிஸ்ட்டே ஆன்லைனில் கிடைத்தாலும் இந்த ஒலிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ‘ர’வில் நாக்கு மேட்டைத் தொடும் நேரம் சுமார் 20, 30 மில்லிசெகண்ட்தான். அந்த இம்மி நேரத்தில் நெட்வொர்க் ஒரு தடவை இடறினால், வந்தது ‘ர’வா ‘ல’வா என்பது மறுமுனைக்குத் தெரியாது. மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டுச் சிக்னல் எப்படி இருக்கும் என்று ஒண்டிக்கடைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேமராவில் வாய்க்குள் நாக்கு நுனி தெரிவதும் கஷ்டம். சேலத்துக்குள்ளேயே ஃபைபர் இணைப்போடு இருப்பவர்களுக்கு இது இவ்வளவு தொல்லையாக இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கிளினிக். ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் சில இடங்களில் விசாரித்தோம். தெரபிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (RCI) பதிவு செய்தவரா என்று கேட்டோம், கேட்கத் தயங்கவே வேண்டாம். நேரில் போவதன் பெரிய பலம் டார்ச்சு, கண்ணாடி, நாக்கை அழுத்தும் குச்சி என்றுதான் நினைத்துக்கொண்டு போவோம். அதுவும் உண்மைதான். எங்கள் தெரபிஸ்ட் மேடம் முதலில் ‘ர’ பக்கமே போகவில்லை. “அடட, அடட” என்று வேகமாகச் சொல்ல வைத்தார். இரண்டு உயிரொலிக்கு நடுவில் வரும் ‘ட’வில் நாக்கு ஏற்கெனவே தட்டிவிட்டுத்தான் இறங்குகிறது. பிள்ளைக்கு அந்த அசைவு தெரியும், இடம்தான் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. குச்சியால் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொட்டுக்காட்டி, “அதே மாதிரிதான் கண்ணு, இங்க தட்டு. சூடான தோசைக்கல்லுல விரல் பட்டா எடுப்பியே, அந்த மாதிரி நாக்கை எடுத்துரணும்” என்றார். அடட, அடட, அடட என்று போய்க்கொண்டிருந்தது நடுவில் ஒரு தடவை ‘அரர’ ஆனது. மகன் தானே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

சொற்களையும் அவர் ‘ர’வில் ஆரம்பிக்கவில்லை. முதலில் வந்தவை இரவு, இரண்டு, அரை, உரல். ரயிலும் ராஜாவும் பிற்பாடுதான், அதுவும் ‘இரயில்’, ‘இராஜா’ என்று முன்னால் ஒரு ‘இ’ சேர்த்து. சொல்லின் தொடக்கத்தில் ‘ர’வை வைக்காத பழைய இலக்கண வழக்கம் ஆறு வயசுப் பிள்ளையின் நாக்குக்கு இவ்வளவு தோதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இப்படி ஏறுவரிசை போடத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். ஆங்கில வழிப் பள்ளி ஆயிற்றே என்று கவலைப்பட்டேன். “தமிழ் ‘ர’ வந்துட்டா அதை வச்சே ரெய்ன், ரெட் எல்லாம் நம்ம ஊர் இங்கிலீஷ்ல ஓடிரும்” என்றார், ஓடுகிறது.

ஆனால் எங்கள் முடிவை உறுதி செய்தது டார்ச்சும் இல்லை, குச்சியும் இல்லை. அந்த மேடம் என்னை உள்ளே உட்கார வைத்தார். விசாரித்த வேறு சில இடங்களில் பிள்ளையை வாங்கிக்கொண்டு நம்மை வரவேற்பறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்து பிள்ளையும் ஒரு ஹோம்வொர்க் நோட்டும் வெளியே வரும். வாரத்தில் ஒரு நாள், அதில் முக்கால் மணி நேரம். மிச்ச நேரம் முழுக்க ‘ர’ நம் வீட்டில்தான் கிடக்கிறது. அந்த ஆறு நாளும் பிள்ளை ‘தலை’ என்று சொல்லிவிட்டு ‘தரை’ என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தால், அதை நாமும் கவனிக்காமல் ‘வெரிகுட்’ சொன்னால், தப்பைத்தான் உருப்போட வைக்கிறோம்.

இதைக் கவனிக்க முடியுமா என்பது அம்மா அப்பாவின் காதைப் பொறுத்தது. காது தானாக வந்துவிடாது. பெற்ற பிள்ளையின் மழலை நமக்குப் பழகிப்போயிருக்கும், அவன் என்ன சொல்ல வருகிறான் என்று தெரிவதால் மூளை தானே திருத்திக் கேட்டுக்கொள்ளும். மேடம் எனக்கே ஒரு பரீட்சை வைத்தார். வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு தலை, தரை, கலை, கரை, வலை, வரை என்று மாற்றி மாற்றிச் சொல்வார், நானும் மகனும் ‘ர’ கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அது சுலபம். அடுத்து மகன் சொல்ல, நான் மட்டும் மார்க் போட வேண்டும். அதில்தான் ‘ர’வும் இல்லாமல் ‘ல’வும் இல்லாமல் நடுவில் ஒரு கொழகொழ ஒலி வருவதே எனக்குத் தெரிந்தது. அதைச் சரி என்று விட்டுவிடலாமா என்று கேட்டேன். “வேணாம்மா, நாக்கு இன்னும் அங்க ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. காத்து பக்கவாட்டுல போகுது பாருங்க” என்று என் கன்னத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

அப்புறம்தான் வீட்டுப் பயிற்சி பயிற்சியாக ஆனது. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே சொற்கூட்டத்தை ஐம்பது தடவையாவது சொல்ல வைக்க வேண்டும். மற்ற நேரம் திருத்தவே கூடாது. சாப்பிடும்போதும் விளையாடும்போதும் திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாட்டி, சித்தப்பா, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரையும் “சாமி, மரம் சொல்லு பார்க்கலாம்” என்று கேட்காமல் தடுப்பதுதான் பயிற்சியைவிடக் கஷ்டமான வேலை.

நியாயமாகப் பார்த்தால், பெற்றோரை உள்ளே இழுப்பதில் ஆன்லைன் ஒரு படி மேலே. அங்கே யாராவது கூட உட்கார்ந்தே ஆக வேண்டும், வரவேற்பறை என்ற ஒன்றே கிடையாது. ஆகவே நல்ல நெட்வொர்க்கும் தமிழ் தெரபிஸ்ட்டும் அமைந்தவர் அதை எடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வெளியே உட்கார வைக்கும் கிளினிக்கா, உள்ளே உட்கார வைக்கும் ஆன்லைனா என்று கேட்டால், அசைவை முதலில் வரவைத்த பிறகு ஆன்லைன் என்றுதான் சொல்வேன்.

கிளினிக்கின் தொல்லைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் வரைக்கும் 30 கிலோமீட்டர். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. அடிவாரத்தில் இறங்கி வாந்தி எடுத்துவிட்டு வெளிறிய முகத்தோடு போய் உட்காரும் பிள்ளையிடம் நாக்கை மேலே தூக்கச் சொல்வது பாவம். வெறும் வயிற்றோடு கூட்டிப்போய், முதல் அரை மணி நேரம் வெளியில் காற்று வாங்க வைத்துவிட்டு உள்ளே போவது என்று பழகிக்கொண்டோம். சனி, ஞாயிறு அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள், திரும்பி ஏறும்போது டூரிஸ்ட் வண்டி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். மழைக்காலம் இன்னொரு தலைவலி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். ஒரு செஷனுக்குச் சில நூறு ரூபாய், அதோடு பெட்ரோல், அரை நாள் லீவு. எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிற அம்மாவிடம் போய் இந்த வழியைச் சிபாரிசு செய்ய எனக்கு வாய் வராது.

அவர்களுக்கு அரசு வழிதான் முதலில் பார்க்க வேண்டியது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை கொடுக்க மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. காதுப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே அனுப்பிவைப்பார்கள். எனக்கு நேரடி அனுபவம் இல்லை, நாத்தனார் தன் பிள்ளைக்குப் போய் வந்ததை வைத்துச் சொல்கிறேன்: பேச்சே வராத பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள் வரிசையில் இருக்கும்போது ஒரே ஒரு எழுத்துக்காக வருபவருக்கு அடிக்கடி முறை கிடைக்காது. அது நியாயமும்கூட. ஆனால் நாத்தனார் அங்கே கேட்டது வாரா வாரம் செஷன் இல்லை. “வீட்டுல நான் என்ன கேட்கணும், எதைத் தப்புன்னு சொல்லணும்னு காட்டுங்க மேடம்” என்று கேட்டிருக்கிறார். காட்டியிருக்கிறார்கள். மாதம் ஒரு முறை போனாலே அவருக்குப் போதுமாக இருந்தது.

தனிச் சொற்களைத் தாண்டி நாங்கள் இப்போது வாக்கியத்தில் ‘ர’ பழகும் கட்டத்தில் இருக்கிறோம். வாசிக்கும்போது ‘ர’ விழுவதில்லை, அவசரத்தில் கதை சொல்லும்போது இன்னும் சில இடங்களில் ‘ல’ எட்டிப் பார்க்கிறது. இந்தக் கட்டத்துக்கு வாராவாரம் மலை இறங்க வேண்டியதில்லை என்று மேடமே சொல்லிவிட்டார். மகன் பேசுவதை போனில் பதிவு செய்து அனுப்புகிறோம், கேட்டுவிட்டு அடுத்த சொற்கூட்டத்தை எழுதி அனுப்புகிறார். நேரடி வீடியோ காலைவிட வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புவதில் ஒலி தெளிவாகப் போகிறது, சிக்னல் இல்லாத நாளில் மறுநாள் அனுப்பினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ‘ழ’வுக்கு இதே வழி ஒத்துவருமா என்று சிலர் கேட்டார்கள். அங்கே நாக்கு தட்டவே கூடாது, அதனால் ‘அடட’ வித்தை அதற்கு உதவாது. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது குறைவு.