குஞ்சோடு தீவனத்தையும் கேட்ட ஆய்வகம்

வாத்துக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் போக வேண்டிய இடம் கால்நடை பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு. டெல்டாவில் எங்கள் மாவட்டப் பிரிவை நம்பிப் பரிந்துரைக்கிறேன்.

எங்கள் பட்டியில் இரண்டு வாரக் குஞ்சுகள் மாலையில் நன்றாக இரை எடுத்தன. விடிந்து பார்த்தால் தலை முதுகுப்பக்கம் வளைந்து, கால் விறைத்துச் செத்துக் கிடந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் கல்லீரல் அழற்சி வைரஸ் என்றார்கள். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை அது இப்படித்தான் கொல்லும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

தொலைபேசியில் பேசிய மருத்துவர் அம்மா, சற்றுமுன் இறந்ததையும் உயிரோடு தள்ளாடுவதையும் கேட்டார். "ஐஸ் வைத்து எடுத்து வாருங்கள், உறைய மட்டும் விடாதீர்கள். தீவனத்தை மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் அள்ளித் துணிப்பையில் கட்டுங்கள்." உறைந்தால் திசு சிதைந்து நுண்ணோக்கியில் சரியாகத் தெரியாதாம்; பிளாஸ்டிக் பையில் தீவனம் வியர்த்துப் பூஞ்சை ஏறிவிடுமாம்.

அறுத்துப் பார்த்ததில் கல்லீரல் வெளிறி வீங்கி, இரத்தப் புள்ளிகளோடு இருந்தது. "வைரஸிலும் புள்ளி வரும், பூஞ்சை நச்சிலும் வரும். முடிவு வரும்வரை இந்த மூட்டையைத் தொடாதீர்கள்" என்றார். அவசரப்பட்டுப் பெயர் சூட்டாத அந்த நிதானத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். திசுச் சோதனையில், பூஞ்சை நச்சைச் சுட்டும் வகையில் கல்லீரலின் பித்தநாளச் செல்கள் பெருகியிருந்தன; கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருந்தது. கோழிக்குஞ்சு தாங்கும் அளவைக்கூட வாத்துக் குஞ்சு தாங்காது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் கூட்டமாக மடிந்ததைத் துருவியபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இந்த நச்சு பிடிபட்டது. எந்த ஆன்டிபயாடிக்கும் இதற்கு மருந்தல்ல. தீவனம் மாறியதும் எங்கள் பட்டியில் சாவு படிப்படியாக நின்றது.

குறையும் உண்டு. தீவன மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதால் முடிவு தாமதமாகிறது. அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவர் பொறுமையாக விளக்கியிராவிட்டால் எனக்கு ஒரு வரியும் புரிந்திராது. அறுவடை வயல்களில் கூடாரம் போட்டு வாத்து மேய்ப்பவர்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியவில்லை. தமிழில் ஒரு பக்கக் குறிப்பாவது தந்து, தொலைபேசி எண்ணை ஊராட்சி அலுவலகங்களில் எழுதிப்போட வேண்டும்.